பேனரைச் சுருட்டுங்க தாயி

வேளாண்மைக் கல்லூரிப் பிள்ளைக வந்து இறங்கிட்டாகன்னா எங்க நாகலாபுரம் பக்கம் ரெண்டுக்குத் தட்டுப்பாடு வந்துரும். ஒண்ணு கோலப்பொடி. இன்னொண்ணு சும்மா இருக்கிற சம்சாரி. கலர் கலராப் பொடி வாங்கியாந்து கம்மாய், கோயில், பள்ளிக்கூடம்னு ஊரையே மந்தையில வரைஞ்சிருவாக. வரைஞ்சு முடிச்சா, சுத்தி நின்னு போட்டோவுக்குப் பல்லைக் காட்ட நாலு கிழடு வேணுமில்ல? அதுக்குத்தான் நாங்க. தலைப்பாகை கட்டின ஆளுக்கு முன்வரிசை.

கேலி பண்றேன்னு கோவிச்சுக்கிடாதீக. நெசமாவே நல்ல ஏற்பாடு இது. கிராமப்புற வேளாண் பணி அனுபவம்னு பேரு. பிள்ளைக சுருக்கமா ‘ராவே’ம்பாக. 1992ல ரந்தாவா கமிட்டி எடுத்துச் சொல்லித்தான் நாடு பூராம் வேளாண் படிப்புல இது கால் ஊணுச்சு. 2015ல ‘ஸ்டூடன்ட் ரெடி’ன்னு புதுச்சட்டை மாட்டி விட்டாக. கடைசி வருசத்துப் பிள்ளைக ஊர்ல தங்கி, சம்சாரியோட சேந்து வேலை பாத்து, எழுதி மார்க்கு வாங்கணும். வைத்தியம் படிக்கிற பிள்ளை ஆஸ்பத்திரியில நிக்கணும்னு எல்லாருக்கும் தெரியுது. வெள்ளாமை படிக்கிற பிள்ளை புஞ்சையில நிக்கணும்னு சொல்றதுக்கு மட்டும் ஒரு கமிட்டி!

மண் மாதிரி எடுக்கிறதைச் செஞ்சு காட்டுறேன்னு ஒரு பிள்ளை வந்துச்சு. வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டின இடமெல்லாம் தள்ளிட்டு, ‘வி’ மாதிரி குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓரத்தைச் சீவி, பல இடத்து மண்ணையும் கலந்து, நாலாப் பிரிச்சு, எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி ஒதுக்கி அரைக் கிலோவுக்குக் கொண்டாரணும். ஒரு எழுத்துப் பிசகாம ஒப்பிச்சிச்சு. மம்பட்டியைக் கையில குடுத்தேன். சித்திரை வெயில்ல வெடிச்சுக் கெடக்கிற கரிசல் லேசுல இறங்குமா? ‘டங்’குன்னு எதிர்த்துப் பேசுச்சு. வெட்டி வெட்டிப் பாத்துட்டு, “தாத்தா, இதுல எப்பிடி ‘வி’ வரும்?”னு கேட்டிச்சு. அட, இந்தக் கேள்வியைக் கேக்க வைக்கத்தானே தாயி உன்னைய இம்புட்டு தூரம் பஸ் ஏத்தி விட்டாக! கடப்பாரையைக் கொண்டான்னேன். நோட்டுல கடப்பாரை இல்லையாம்.

இன்னொரு கூட்டம் சோள விதையைக் கடினப்படுத்தக் காட்டுச்சு. எங்க மானாவாரிக்கு ரொம்ப வேண்டியது. மழைக்கு முந்தியே காஞ்ச மண்ணுல விதைச்சு வச்சுட்டு வானத்தைப் பாக்குற ஊரு இது. ரெண்டு சதவீத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசல்ல ஆறு மணி நேரம் ஊறவச்சு, நிழல்ல உலத்தி விதைக்கணும்னாக. கேட்டிட்டிருந்த சம்சாரி, “ரெண்டு சதவீதம்னா எத்தனை கரண்டி தாயி?”ன்னாரு. பிள்ளைக ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டாக. அதுல ஒண்ணு மட்டும் கீழ உக்காந்து கணக்குப் போட்டுச்சு: ஏக்கருக்கு ஆறு கிலோ விதை, கிலோவுக்கு 350 மில்லி, ஆக ரெண்டு லிட்டரும் கொஞ்சமும் தண்ணி, 42 கிராம் பாஸ்பேட் உப்பு. பொட்டணத்தைக் கையில தூக்கிப் பாத்துட்டு, “இம்புட்டுத்தான் தாத்தா”ன்னுச்சு. அந்தப் பிள்ளை பொழைச்சுக்கிடும்.

கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901லயே வந்தது. கே 11 பருத்தி, கே 12 சோளம்னு ‘கே’ போட்ட ரகமெல்லாம் அவுக கைவரிசை. அங்க உள்ளதை இங்க கொண்டாந்து சேக்கத்தான் ஆள் இல்லை. சம்சாரி கேக்கிறது எப்பவும் மூணே கேள்வி: எங்க கிடைக்கும், என்ன செலவாகும், மழை பொய்ச்சா யாரு ஈடு குடுப்பா? முத ரெண்டுக்கும் பதில் சொல்லிட்டு, மூணாவதுக்கு முழிச்சாலும் ஓடிப்போகாம நிக்கிற பிள்ளையைத்தான் வேலைக்கு விதைக் கம்பெனிக்காரனும் தேடுறான், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்காரனும் தேடுறான். பேங்குல வேளாண் அதிகாரியாப் போறீகளா? பருத்திக்குக் கடன் கேட்டவன் புஞ்சையில நிக்கிறது பருத்தியா, வேலிக்கருவையான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும். போட்டோ ஆல்பம் சொல்லாது.

2018ல படைப்புழு நாட்டுக்குள்ள நுழைஞ்சு எங்க மக்காச்சோளத்துக் குருத்தைக் குடைஞ்சப்போ, புஸ்தகத்துல அதுக்குப் பாடம் வந்திருக்கலை. குருத்தைப் பிரிச்சு, எச்சத்தைக் கிண்டி, புழுவைக் கையில எடுத்துப் பாத்தவன்தான் அன்னைக்கு வாத்தியாரு.

அதனால பிள்ளைகளா, பேனர் பிடிக்க ரெண்டு பேரு, போட்டோ எடுக்க ரெண்டு பேரு, வேலை செய்ய யாருமில்லைன்னு வராதீக. விதைச்சுக் காட்டினா, முளைப்பு எண்ண மறுபடியும் வாங்க. முளைக்கலைன்னா அதையும் நோட்டுல எழுதுங்க. நேர்காணல்ல “எல்லாம் வெற்றி”ங்கிறவனை விட, “முளைக்கலை, ஏன்னு தேடினேன்”ங்கிறவன்கிட்டதான் நாலு கேள்வி கூடக் கேப்பாக.

இன்னொரு விண்ணப்பம், இது கல்லூரி வாத்தியாருகளுக்கு. போன வருசம் இதே ஊர்ல தங்கின பிள்ளைக எழுதின நோட்டை இந்த வருசப் பிள்ளைககிட்டக் குடுத்து அனுப்புங்கய்யா. ஊர்ல எத்தனை மாடு, எத்தனை கிணறுன்னு வருசாவருசம் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்கு.