கத்துனவனும் நானே, காசு குடுத்தவனும் நானே

கண்ணுகளா, பாப் டிலான் பேச்சை எடுத்தீங்கன்னா அடுப்புல பால் பொங்கி வழிஞ்சாலும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டீங்க. ஃபோக்-ராக் ரசிகருங்க ரெண்டு பேரு உக்காந்தா அது பழமை. மூணாவது ஆளு வந்து சேந்துட்டா அது பஞ்சாயத்து. அப்புச்சிக்குக் கிடார்ல எத்தனை கம்பின்னு எண்ணத்தான் தெரியும். ஆனா உங்க பஞ்சாயத்தைக் கேட்டுக் கேட்டே அந்தச் சாமிகளோட தலபுராணம் பூராவும் மனப்பாடம் ஆயிப்போச்சு. அதனால நாலு புத்தி சொல்றேன். கேக்க மாட்டீங்கன்னு தெரியும். சொன்னதைக் கேக்கற ஆளுங்களா இருந்தா நீங்க எப்படி ரசிகருங்க ஆவீங்க?

மொதல்ல, “எங்களை ஏமாத்திப்போட்டான்”னு ஒப்பாரி வெக்கறதை விடுங்க.

1965 ஜூலை 25, ஞாயித்துக்கிழமை. அமெரிக்காவுல நியூபோர்ட் நாட்டார் பாட்டுத் திருவிழா. ஒத்தைக் கிடாரும் கழுத்துல மாட்டுன மவுத் ஆர்கனுமா பாடிட்டிருந்த டிலான் பையன், அன்னைக்கு எலெக்ட்ரிக் கிடாரு, டிரம்ஸுன்னு ஒரு பட்டாளத்தோட மேடையேறிட்டான். அந்தப் பட்டாளத்தோட பாடுனது மூணே பாட்டு. ஒரு பக்கம் கைதட்டு, ஒரு பக்கம் கூச்சல். நாட்டார் பாட்டுப் பெரியவரு பீட் சீகர் கோடாலியைத் தூக்கிட்டு ஒயரை வெட்டப் போனாருன்னு ஒரு கதை கெளம்புச்சு. கோடாலி இருந்தா வெட்டியிருப்பேன்னுதான் சொன்னேன், பாட்டோட வார்த்தையே காதுல விழலைங்கற ஆத்திரம்னு அந்தப் பெரியவரே பின்னால வெளக்கஞ் சொன்னாரு. கோடாலி இல்லாத கதையை எந்த ரசிகன் கேப்பான்?

கூச்சல் எதுக்குங்கறதுக்கு இன்னும் தீர்ப்பு வரல. கரண்டு கிடாருக்கா, கர்புர்ருன்ன மைக் செட்டுக்கா, மூணே பாட்டுல எறங்கிப் போனதுக்கா? எனக்கு வேறொரு சந்தேகம். அந்த வருஷம் மார்ச்சுலயே ஒரு பக்கம் பூரா எலெக்ட்ரிக் பாட்டா இருந்த ரெக்கார்டு கடைக்கு வந்தாச்சு. ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ வந்தும் அஞ்சு நாள் ஆச்சு. வளந்த ஊரு ஹிப்பிங்குல பள்ளிக்கூடம் போறப்பவே ராக் அண்ட் ரோல்னு பியானோவைப் போட்டு மொத்துன பையன் அவன். அத்தனையும் தெருஞ்சு வந்து உக்காந்துட்டு ஏமாந்துட்டோம்னா, ஏமாத்துனது யாரு சாமி?

அடுத்த வருஷம் மே 17, இங்கிலாந்துல மான்செஸ்டர் ஃப்ரீ ட்ரேட் ஹால். மொதப் பாதி ஒத்தையில பாடுனாரு, சபை கம்முன்னு கேட்டுச்சு. ரெண்டாம் பாதிக்கு ஹாக்ஸ் குழுவோட வந்தாரு, சபை மாறிப்போச்சு. கூட்டத்துல இருந்து ஒருத்தரு “யூதாஸ்!”னு ஒரே கத்து. ஏசுநாதரைக் காட்டிக் குடுத்தவன் பேரு. டிலான் சும்மா விடுவாரா? நீ பொய்யன்னு திருப்பிக் குடுத்துட்டு, இன்னும் சத்தமா வாசிக்கச் சொன்னாரு. வேடிக்கை அப்புறந்தான் இருக்குது. பல வருஷங் கழிச்சு, அன்னைக்குக் கத்துனது நாந்தான்னு ஒருத்தரு வந்தாரு. அவரு இல்லீங்க, நாந்தான்னு இன்னொருத்தரு வந்தாரு. துரோகின்னு வெச்ச வசவுக்கே பட்டா கேட்டு வரிசை நிக்குது! டிக்கெட்டுக்குக் காசு குடுத்துப் போயி, கத்திட்டு, கத்துன பெருமையையும் வூட்டுக்குக் கொண்டு போற சனம் வேற எங்கயாச்சும் உண்டா?

இந்தக் கூச்சலைத் தாங்க முடியாம ஓடுனது ஹாக்ஸ் குழுவோட டிரம்மர் லெவன் ஹெல்ம்தான். 1965 கடைசியிலயே மூட்டையைக் கட்டிட்டு, மெக்சிகோ வளைகுடாவுல எண்ணெய்க் கெணத்து வேலைக்குப் போயிட்டாரு. ரசிகருங்க பாசத்துக்கு நடுக்கடலே தேவலைன்னு ஆயிருக்குது பாருங்க.

அந்த மான்செஸ்டர் கச்சேரி திருட்டு ரெக்கார்டா ஊரு பூரா சுத்துச்சு, அதுவும் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்னு தப்புப் பேரோட. 1998ல கம்பெனியே முறைப்படி போட்டப்ப பேரைத் திருத்துவாங்கன்னு பார்த்தா, அந்தத் தப்புப் பேரையே மேற்கோள் குறிக்குள்ள வெச்சு வித்தாங்க. ரசிகருங்க பழக்கிப்போட்ட பேரைக் கம்பெனியாலயும் மாத்த முடியல.

ரெண்டாவது, “பழைய பாட்டைக் கெடுத்துப்போட்டாங்க”ங்கற பேச்சு. இதுக்கு ஃபேர்போர்ட் கன்வென்ஷன் கதையைச் சொல்லோணும். 1967ல லண்டன் மஸ்வெல் ஹில்லுல ஃபேர்போர்ட்ங்கற வூட்டுல கூடி வாசிச்சுப் பழகி, அந்த வூட்டுப் பேரையே வெச்சுக்கிட்ட பசங்க. 1969 மே 12, பர்மிங்ஹாம்ல வாசிச்சுட்டுத் திரும்பறப்ப எம்1 ரோட்டுல வேன் கவுந்துபோச்சு. டிரம்மர் மார்ட்டின் லாம்பிளுக்கு 19 வயசு, போயிட்டான். கூட வந்த ஜீனி ஃபிராங்க்ளினும் போயிட்டா. இந்த எடத்துல அப்புச்சி நையாண்டி பேசல.

பொழச்சவங்க, தாங்க அதுவரைக்கும் பாடுன பாட்டுகளைத் தொடறதில்லைன்னு முடிவு பண்ணி, ஹாம்ப்ஷயர்ல ஒரு பெரிய வூட்டுல போயித் தங்குனாங்க. குழுவுல இருந்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டன் செசில் ஷார்ப் ஹவுஸுக்குப் போயி, பரம்பரையாப் பாடுன கதைப்பாட்டுகளைத் தேடித் தோண்டிட்டு வந்தாரு. டேவ் ஸ்வார்பிரிக்கோட ஃபிடில், ரிச்சர்ட் தாம்ப்சனோட எலெக்ட்ரிக் கிடாரு, டேவ் மாட்டாக்ஸோட டிரம்ஸு, இதுக்கெல்லாம் மேல சாண்டி டென்னியோட கொரலு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள ‘லீஜ் அண்ட் லீஃப்’ ரெக்கார்டு வந்துருச்சு.

அதுல ‘மேட்டி குரோவ்ஸ்’னு ஒண்ணு. பிரபு பொஞ்சாதி ஒரு பையனைத் தன் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறா. சேதி தெருஞ்சு பிரபு வந்து ரெண்டு பேரையும் கொல்றான். 17ஆம் நூற்றாண்டுலயே அச்சுல ஏறுன கதை. இதுல ‘அசல்’ எதுங்க கண்ணு? பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 305 கதைப்பாட்டைத் தொகுத்தவரு, ஒரே பாட்டுக்கே பாடபேதம் வரிசையா அடுக்கி வெச்சாரு. செசில் ஷார்ப் 1916ல அமெரிக்காவோட அப்பலாச்சிய மலைக்குப் போனா, இங்கிலாந்துப் பாட்டு அங்க வேற மெட்டுல, வேற வார்த்தையில சொகமாக் குடும்பம் நடத்திட்டு இருக்குது. ஏறுன வாயெல்லாம் மாத்திப் பாடுனதாலதான் அது உசுரோட இருந்துச்சு. பழைய பாட்டுங்கறது ஊர்ப் பொதுக் கெணறாட்டம். எறைக்க எறைக்கத்தான் ஊறும். மூடி போட்டுப் பூட்டி, சுத்தமா வெச்சிருக்கேன்னு காவலுக்கு உக்காந்தீங்கன்னா பாசம்னு நீங்க சொல்லுவீங்க, பாசின்னு நான் சொல்லுவேன்.

மூணாவது, கச்சேரிக்குப் போற லட்சணம். கிரேட்ஃபுல் டெட் குழு 1984ல, டேப் பண்றவங்களுக்குன்னே கச்சேரியில தனி எடம் ஒதுக்குச்சு. டேப்பை ஒருத்தருக்கொருத்தரு மாத்திக்கலாம், விக்கக் கூடாதுங்கறதுதான் கட்டுப்பாடு. மைக்கைக் கம்பத்துல கட்டித் தூக்கி நிறுத்திட்டு மூச்சுக் காட்டாம நின்னாங்க. வாயைத் தொறந்தா அதுவும் டேப்புல ஏறிருமில்ல? ரசிகருங்க வாயை மூடிட்டு இருந்ததுக்கு ரெக்கார்டே இருக்கறது அங்கதான்.

டிலான் இதுக்கு நேர்மாறு. சமீப வருஷங்கள்ல அவரோட பல கச்சேரிகள்ல, வாசல்லயே செல்போனைப் பைக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க. நல்ல ரோசனை. கைதட்ட ரெண்டு கையும் வேணுமே. அதுபோக அவரு மெட்டை மாத்தி மாத்திப் பாடறவரு. பாதிப் பாட்டு போனப்புறம், அட இது அந்தப் பாட்டான்னு ரசிகரு முழிப்பாரு. முழிச்சுட்டு வெளிய வந்து, ரெக்கார்டுல இருக்கறாப்புல பாடலைன்னு கொறை படிப்பாரு. ரெக்கார்டுல இருக்கறாப்புலயே வேணும்னா ரெக்கார்டு வூட்லயே இருக்குதே சாமி! அதுக்கு எதுக்கு டிக்கெட்டு, பஸ்ஸு, ராத்தங்கல்?

நாலாவது, “அடுத்த தபா பாத்துக்கலாம்”னு நாளைத் தள்ளாதீங்க. சாண்டி டென்னி 1978ல 31 வயசுல போயிட்டா. ஃபேர்போர்ட் குழுவும் 1979 ஆகஸ்டுல, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல குரோப்ரிடிங்கற கிராமத்துல, இதோட முடிஞ்சுதுங்கன்னு கும்பிடு போட்டுச்சு. கும்பிட்ட கையைக் கீழ எறக்கறதுக்குள்ள அடுத்த வருஷமே கூடிட்டாங்க. அப்புறம் அதுவே வருஷாந்திரத் திருவிழா ஆகிப்போச்சு. கொரோனாவால 2020லயும் 2021லயும் மட்டும் நின்னுபோச்சு. ஒரே ஒரு மேடை. சனம் மடக்கு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து புல்லுல போட்டு உக்காருது. விடைபெறுற விழான்னு போயி, ஆயுசுக்கும் விருந்தாளி ஆயிட்டாங்க.

ஸ்வார்பிரிக் சமாச்சாரம் இன்னும் தமாசு. 1999ல அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, செத்துட்டாருன்னு லண்டன் பத்திரிகை ஒண்ணு இரங்கல் கட்டுரையே போட்டுருச்சு. மனுசன் எந்திரிச்சு வந்து, அந்தக் கட்டுரையைப் பிரதியெடுத்து, கையெழுத்துப் போட்டுக் கச்சேரியில வித்தாரு! தன் சாவுச் செய்தியை விக்கற வாய்ப்பு எல்லாருக்கும் வாய்க்காது. ஆனா 2016ல அந்தச் செய்தி நெசமாயிருச்சு. அதனாலதான் சொல்றேன், திரும்பி வந்துருவாங்கங்கற தைரியத்துல இருந்துராதீங்க.

குரோப்ரிடியில சனிக்கிழமை ராத்திரி ‘மீட் ஆன் தி லெட்ஜ்’ பாடித்தான் திருவிழாவை முடிக்கிறது வழக்கம். ரிச்சர்ட் தாம்ப்சன் மீசை முளைக்கிற வயசுல எழுதுன பாட்டு. இப்ப நரைச்ச தலைங்க சேர்ந்து பாடுது. பஞ்சாயத்துக்காரங்க, டேப்புக்காரங்க, ‘அசல்’ காவக்காரங்க அத்தனை பேரும் அந்த நேரத்துல ஒரே வாயாப் பாடுவாங்க.

ஆகக்கூடி அப்புச்சி தீர்ப்பு இதுதான்: டிக்கெட்டு உங்களுது, பாட்டு அன்னைக்குப் பாடறவங்களுது. சண்டை போடுங்க, வேண்டாங்கல. கச்சேரி முடிஞ்சு டீக்கடையில வெச்சுக்கோங்க. மேடையில ஆளு நிக்கறப்ப காதைத் தொறங்க, வாயைக் கடைசிப் பாட்டுக்கு மட்டும் தொறங்க.