பங்குனி வரைக்கும் தொங்குற ஸ்டாரு

குந்துடா பேராண்டி. வாசல்ல அந்த ஸ்டாரை இன்னும் இறக்கல போலிருக்குது? பங்குனி பொறந்தாச்சு. பல்பு போயி மாசம் ரெண்டாச்சு. காக்கா கூட அதுக்குப் பயப்படறதில்ல. வருசம் பூரா கிறிஸ்மஸ் கொண்டாடணும்னு நீ சொன்னப்ப எனக்கு வெளங்கல. இப்பத்தான் வெளங்குது.

கிறிஸ்மஸ் வர்ற நேரத்துல நம்ம மரக்காணத்துல உப்பு வெளையாது, கவனிச்சியா? ஐப்பசி கார்த்திகை மழையில அளத்துப் பாத்தியெல்லாம் ஏரியாக் கெடக்கும். கூலி கெடையாது. அரசாங்கம் குடுக்குற மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாயை வச்சுத்தான் அடுப்பு எரியணும். ஏசு தன் ஆளுங்களைப் பாத்து நீங்கதான் உப்புன்னு சொன்னாராமே. அந்த உப்பை நீங்க ஒரே நாள்ல கைநெறைய அள்ளிக் கொட்டுறீங்க. கொழம்புல அப்பிடிக் கொட்டினா உன் பொண்டாட்டி வாயில வைப்பாளா? மிச்ச 364 நாளும் உப்பில்லாத கஞ்சி.

நம்ம மொதலாளி ஒருத்தன், பேரு எதுக்கு, டிசம்பர்ல ஆளுக்கொரு கேக்கு குடுப்பான். சித்திரை வெயில்ல, கால் வெடிப்புல உப்புத்தண்ணி ஏறி எரிய, பொம்பளைங்க கூடை சுமந்து கரை ஏறும்போது, ‘நெழலுக்கு ஒரு கொட்டாய் போடுய்யா’ன்னேன். ‘கேக்கு நல்லா இருந்துச்சா?’ன்னு கேட்டான்.

டிக்கன்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர் 1843-ல எழுதுன கதையை உன் தங்கச்சி படிச்சுச் சொன்னா. ஸ்க்ரூஜ்னு ஒரு கஞ்சன். செத்துப்போன கூட்டாளியோட ஆவி ஒண்ணு, பின்னாலயே மூணு, ஆக நாலு ஆவி வந்து மெரட்டுன பொறவுதான் வருசம் முழுக்கக் கிறிஸ்மஸா இருப்பேன்னு ஒத்துக்கிட்டானாம். நம்மாளுக்கு நாலு பத்தாதுடா. வர்ற ஆவியையும் கூடை தூக்க வச்சிருவான்.

சிரிக்காத. 2004-ல கிறிஸ்மஸ் சனிக்கெழமை. மறுநா காலையில கடல் ஏறுச்சு. அன்னிக்கு எவன் எந்தச் சாமி, எந்தச் சாதின்னு ஒருத்தனும் கேக்கல. ஒரே அண்டாவுல வெந்த சோறு. உன் அப்பனுக்கு வேட்டி குடுத்தவன் யாருன்னு இன்னிவரைக்கும் தெரியாது. அப்புறம் தண்ணி வடிஞ்சுது. எல்லாரும் அவனவன் வேலிக்கல்லைத் தேட ஆரம்பிச்சோம். நானுந்தான்.

நீ மட்டும் யோக்கியமா? கனடாவுல இருக்குறவனுக்கு வாட்ஸ்அப்ல கேக்கு, மெழுகுவத்தி எல்லாம் அனுப்புற. சுவத்துக்கு அந்தாண்ட இருக்குற சித்தப்பன்கிட்டப் பேசி எத்தினி வருசம்? இன்னிக்கு வலையில ரெண்டு கொடுவா விழுந்துச்சாமே. ஒண்ணைக் கொண்டுபோயி குடு. போன கடனைக் கேட்டுத் தொலைக்காத.

போவும்போது இன்னொண்ணு. போன தை மாசம் என் சைக்கிள் பம்பை வாங்கிட்டுப் போன. மன்னிக்கிறதெல்லாம் ஏசு பாத்துக்குவாரு. எனக்குப் பம்பு வேணும்.