பூகோளம் – 90 நிமிடம்

ஆசிரியை, தேனி: வரைபடத்தைப் பிரித்தாலே பையன்கள் கொட்டாவி விடுகிறார்கள். ரொனால்டோ எந்த கிளப்பிலிருந்து எந்த கிளப்புக்குப் போனார் என்றால் மட்டும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறார்கள். என்ன செய்ய?

அப்படியானால் பாதிப் பாடம் முடிந்தது. லிஸ்பன், மான்செஸ்டர், மாட்ரிட், டூரின், மறுபடி மான்செஸ்டர், ரியாத். புள்ளி வைத்துக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். பிறந்த ஊரையும் கேளுங்கள். மதெய்ரா தீவு போர்ச்சுகலுக்குச் சொந்தம். ஆனால் லிஸ்பனைவிட ஆப்பிரிக்கக் கரைதான் அதற்குக் கிட்டம். "கடைசியில் ஏன் சார்... சாரி, ஏன் டீச்சர் ரியாத்?" என்று ஒருவனாவது கேட்பான். கேட்டதும் பெட்ரோலியப் பாடத்தை ஆரம்பித்துவிடுங்கள்.

வாசகர், பழனி: உலகக் கோப்பைப் பந்தில் ஜெர்மன் கம்பெனி பெயர் இருக்கிறதே, ஜெர்மனியிலா செய்கிறார்கள்?

பெயர் ஜெர்மனி, கை பாகிஸ்தான். 2014, 2018, 2022 உலகக் கோப்பைப் பந்துகள் சியால்கோட்டில் தயாரானவை. பஞ்சாபில், ஜம்மு எல்லையை ஒட்டிய ஊர். வெள்ளைக்காரன் ராணுவ முகாம் போட்டு உட்கார்ந்ததில் விளையாட்டுச் சாமான் தொழில் அங்கே வேர் பிடித்தது.

பழைய பாணிப் பந்து நினைவிருக்கும்: 20 அறுகோணம், 12 ஐங்கோணம், ஆக 32 துண்டு. துண்டுகளை மரக்கவ்வியில் இடுக்கி, கவ்வியை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, மெழுகு பூசிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் இழுத்துத் தைப்பார்கள். தைப்பது உள்பக்கத்தில்; முடியும் தறுவாயில் பந்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, மிச்சத் தையலை வெளியே தெரியாமல் மூட வேண்டும். கைப்பழக்கம் அங்கேதான் தெரியும். இந்த வேலையில் குழந்தைகள் இருந்தது உலகத்துக்குத் தெரிந்து சந்தி சிரித்த பிறகு, 1997-ல் அட்லாண்டாவில் ஒப்பந்தம் போட்டு, வீட்டுத் தையலைக் கண்காணிப்புள்ள கூடங்களுக்கு மாற்றினார்கள். அடுப்படி வேலைக்கு நடுவே தைத்த பெண்கள் பலருக்கு அதில் வருமானம் போனது. இன்றைய உலகக் கோப்பைப் பந்தில் தையலே கிடையாது, சூடு வைத்து ஒட்டுவதுதான்.

இன்னும் இரண்டு சேதி. 1947-ல் சியால்கோட்டை விட்டு வந்தவர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் அதே தொழிலைத் தொடங்கினார்கள்; உங்கள் ஊர்ப் பள்ளிப் பந்து அந்த வழி வந்ததாக இருக்கலாம். அப்புறம், கராச்சித் துறைமுகம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் என்பதால் சியால்கோட் வியாபாரிகள் தாங்களே பணம் போட்டு ஒரு விமான நிலையம் கட்டிக்கொண்டார்கள். பந்து எல்லா நாட்டுக்கும் பறக்கிறது. பாகிஸ்தான் கால்பந்து அணி மட்டும் இதுவரை ஒரு உலகக் கோப்பைக்கும் போனதில்லை. நாம் சிரிக்க வேண்டாம், நாமும் ஆடியதில்லை.

பத்தாம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்: ஆஸ்திரேலியா ஆசியாவிலா இருக்கிறது?

கால்பந்தில் 2006 முதல் ஆமாம். ஓஷியானியாவில் இருந்தவரை உலகக் கோப்பைக்கு நேர் வழி கிடையாது என்று கட்சி மாறிவிட்டார்கள். கஜகஸ்தான் 2002-ல் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குத் தாவியது. கண்டங்களைப் புவித்தட்டும் நகர்த்தும், கமிட்டியும் நகர்த்தும். பரீட்சையில் இதை எழுதிவிட்டு என்னிடம் மார்க் கேட்கக் கூடாது.

வாசகர், உதகை: மலை மேல் ஆடினால் உள்ளூர்க்காரனுக்கு லாபமா?

உங்கள் தொட்டபெட்டா 2,637 மீட்டர். பொலிவியாவின் லா பாஸ் மைதானம் அதற்கும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் மேலே. காற்று அடர்த்தி குறைவு. பந்து விர்ரென்று போகும், கீழேயிருந்து வந்தவனுக்கு மூச்சு வாங்கும். 2007-ல் ஃபிஃபா இத்தனை உயரத்தில் ஆடக் கூடாது என்றபோது, "ஆடலாம்" என்று லா பாஸுக்கே போய் ஆடிக் காட்டியவர் மரடோனா. பிறகு, 2009 ஏப்ரல் 1 அன்று, அவர் பயிற்சியாளராக மெஸ்ஸியோடு அங்கே போன அர்ஜென்டினா 6-1 என்று உதை வாங்கியது. தேதியை நான் கற்பனை செய்யவில்லை. இது போதாதென்று பொலிவியா இப்போது 4,000 மீட்டருக்கும் மேலே எல் ஆல்ட்டோவில் கடை விரித்திருக்கிறது. 2025 செப்டம்பரில் பிரேசிலே அங்கே தோற்று இறங்கியது.

வாசகர், கோவை: பி.எஸ்.ஜி. நெய்மாரை 222 மில்லியன் யூரோவுக்கு வாங்கியதாமே?

உங்கள் ஊர்க் கல்லூரி பி.எஸ்.ஜி. அல்ல, பாரீஸ் கால்பந்து கிளப் பி.எஸ்.ஜி. 2011-ல் கத்தார் பணம் அதை வாங்கியது. 2017-ல் அந்தப் பணம் நெய்மாரை வாங்கியது. பணம் வந்த வழி கடலுக்கடியில்: உலகின் மிகப் பெரிய எரிவாயு வயல், ஈரானோடு பங்கு. பூகோளம் காசு தராது என்று யார் சொன்னது?

வாசகர், வியாசர்பாடி: வெள்ளைக்காரன் இங்கேயும் வந்தான், அர்ஜென்டினாவுக்கும் போனான். அங்கே மட்டும் எப்படி மெஸ்ஸி?

இங்கே ஆள வந்தான், அங்கே தண்டவாளம் போடப் போனான். மெஸ்ஸியின் ரொசாரியோ ஒரு துறைமுக ஊர். அங்கே 1889-ல் இங்கிலீஷ் ரயில்வே ஊழியர்கள் தொடங்கியதுதான் ரொசாரியோ சென்ட்ரல். மெஸ்ஸி சிறுவனாக ஆடிய நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ், ஓர் இங்கிலீஷ் பள்ளி ஆசிரியர் பெயரில் வந்தது. அங்கே ஆட்டம் சீமான்களின் ஜிம்கானா அளவோடு நிற்கவில்லை. கப்பலில் வந்திறங்கிய இத்தாலியக் கூலிக்காரர்களின் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. நம் பக்கமும் முழுப் பாலை அல்ல. 1911-ல் மோகன் பகான் கொல்கத்தாவில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று கேடயம் தூக்கியது. உங்கள் பேட்டைப் பையன்களைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

ஆசிரியை, தேனி (மறுபடியும்): செய்து பார்த்தேன், பிடித்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர்தான், "இதெல்லாம் சிலபஸில் எங்கே?" என்கிறார்.

லா பாஸ் – உயரமும் காற்றழுத்தமும். சியால்கோட் – தொழிற்சாலை ஏன் அந்த ஊரில். ரொசாரியோ – இடப்பெயர்வு. பாடப்புத்தகத்தைப் பிரித்துக் காட்டுங்கள். அட்லஸோடு மைதானத்துக்கே போனாலும் சரி. ஒரே ஒரு வேண்டுகோள்: அதற்காக பி.டி. பீரியடை மட்டும் கடன் வாங்காதீர்கள்.