ரெண்டு பாய்

தஞ்சாவூர் கரந்தையில் 2004-இல் நாங்கள் பிடித்த மாடி அறைக்கு வாசல் ஒன்று. சொன்ன பொய்கள் பல. முதலில் அவன் என் அத்தை மகன். பொங்கலுக்குள் அதை மறந்துபோய்ச் சித்தப்பா மகன் என்றேன். மச்சான் தம்பியானதை யாரும் கேட்கவில்லை. ஆம்பளைகள் தோளில் கைபோட்டு நடந்தால் கண்டுகொள்ளாத ஊர். புருஷன் பெண்டாட்டி அப்படிப் போனால்தான் திரும்பிப் பார்க்கும்.

தடயம் வைக்காமல் குடித்தனம் நடத்துவது தனிக் கலை. வாடகை அவன் பெயரில், கேஸ் இணைப்பு என் பெயரில். கடிதங்கள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு எங்களைப் போன்றவர்களுக்கு அப்போது ஆயுள் தண்டனை வரை போகக்கூடியதாக இருந்தது. அது எங்களைத் தேடி வரவில்லை என்பது நிஜம். அப்படி ஒன்று இருப்பது தெரிந்த ஓர் உறவுக்காரன் போதாதா?

படம் எடுப்பதுகூட நீதிமன்றத்தைப் பொறுத்தது. 2009 ஜூலை 2 அன்று டில்லி உயர் நீதிமன்றம் எங்கள் உறவு குற்றமில்லை என்றது. அந்த வாரமே பெரிய கோயில் நந்தி முன்னால் ஒன்று எடுத்துக்கொண்டோம். 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தபோது அவன் டொரன்டோ போய் ஒரு வருஷமாகியிருந்தது. ஆளுக்கொரு கண்டத்தில் உட்கார்ந்து அதே படத்தை அழித்தோம். 2018 செப்டம்பர் 6-இல் மறுபடி குற்றமில்லை என்றானது. நந்தி இருந்தது, அவன் இல்லை.

இப்போது அவன் கனடாக் குடிமகன், எனக்கு ஸ்பான்சர். அங்கே 2005 ஜூலை முதல் நாடு முழுக்க ஆணும் ஆணும் மணக்கலாம். மணக்கவும் சேர்ந்து வாழவும் வழியில்லாமல் கிடப்பவர்களுக்கு 'கான்ஜுகல் பார்ட்னர்' என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். ஓராண்டுக்குக் குறையாத உறவு, குறுக்கே நிற்கும் தடை, இரண்டுக்கும் சான்று வேண்டும். எங்கே சந்தித்தீர்கள், வீட்டுக்குத் தெரியுமா என்று படிவம் குடைகிறது. பொத்திப் பொத்தி வைத்ததையெல்லாம் நகலெடுத்துப் பக்க எண் போட்டு அனுப்ப வேண்டும்.

டெல்டாக்காரனுக்கு இது புதிதல்ல. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துக் காட்டினால் ஆகாது. உன் வயலில் விளைந்ததுதான் என்று விஏஓ அடங்கல் தர வேண்டும். என் நிலத்துக்கு அடங்கல் உண்டு. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளோடு கூட்டுப்பட்டாவும் உண்டு. எட்டு வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டவனோடு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

தடைக்குத்தான் சான்று சுலபமாகக் கிடைத்தது. 2023 அக்டோபர் 17 அன்று, எங்களைப் போன்றவர்களின் திருமணத்தை ஏற்க முடியாதென்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. இன்று கோப்பில் முதல் தாளே அந்தத் தீர்ப்புதான். மறு வருஷம், எங்களைப் போன்றவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் தெளிவாக்கியது. கூடக் கையெழுத்துப் போட ஆள் ஊரில் இல்லை.

உறவுக்கு மிஞ்சியது வாட்ஸ்அப். ஜூன் பிறந்தால் அவனுக்கு ஒரே கேள்வி: "மேட்டூர் எத்தனை அடி?" பன்னிரண்டாம் தேதி அணை திறக்குமா, என் குறுவை தப்புமா என்ற கவலை. அங்குள்ள வக்கீல் அதைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, மேட்டூரில் என்னை அடித்தது யார், போலீசில் சொன்னோமா என்று விசாரித்தாராம்.

கடைசியில், சேர்ந்து வாழ்ந்ததற்குச் சாட்சிக் கடிதம் கேட்டுக் கரந்தை வீட்டுக்கார அம்மாவிடம் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். அரசாங்கத்துக்கு ஒரு கடிதாசி என்றதும், பேத்தியை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 'இருவரும் ஒழுக்கமான பிள்ளைகள். எட்டு வருஷமும் ரெண்டு பாய் போட்டுத் தனித்தனியாகத்தான் படுத்தார்கள்.'

"அம்மா, ஒண்ணா வாழ்ந்தோம்னு காட்டத்தான் இந்தக் கடிதாசியே..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கவர்மெண்டுக்குன்னு சொன்னியேன்னுதான் தம்பி ரெண்டுன்னு போட்டேன். மொட்டை மாடில காயப்போடுறது எனக்குத் தெரியாதா? என்னைக்கும் ஒரு பாய்தானே காயும்." பேத்தி பக்கம் திரும்பினார். "அந்த ரெண்டை அடிச்சுட்டு ஒண்ணுன்னு போடும்மா."

அடித்தல் திருத்தல் இருந்தால் எடுத்துக்க மாட்டாங்க பாட்டி என்று சொல்லி, அவள் வேறு தாள் எடுக்கப் போனாள்.