தள்ளி எழுதினால் போதுமா?

கே: சிஎஸ்எஸ்ஸில் நெளிவு அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் போட்டே விரல் தேய்கிறது. விமோசனம் உண்டா?

ப: 2006-லேயே வந்துவிட்டது. ஹாம்ப்டன் காட்லின் வடிவமைத்து, நேட்டலி வைசன்பாம் வளர்த்தெடுத்த சாஸ் இரண்டையும் தூக்கிவிட்டது. எது எதற்குள் அடங்கும் என்பதை வரியின் உள்தள்ளலே சொல்லும். பைத்தான் எழுதிப் பழகியவருக்கு முதல் நாளே கைவந்துவிடும்.

கே: பிரவுசருக்கு இது புரியுமா?

ப: புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. கம்பைலர் அதைச் சாதாரண சிஎஸ்எஸ்ஸாக மாற்றிய பிறகுதான் பிரவுசரிடம் போகிறது. சுத்தம் நமக்காக, அடுத்த மாதம் அதே ஃபைலைத் திறக்கப்போகிறவருக்காக.

கே: நான்கு குறிகள் குறைந்தால் அது சுத்தமா?

ப: குறி குறைவது சின்ன லாபம். பெரிய லாபம் வேறு. சிஎஸ்எஸ்ஸில் நம் கண் உள்தள்ளலை நம்புகிறது, இயந்திரம் அடைப்புக்குறியை நம்புகிறது. மூடும் குறி ஒன்று விட்டுப்போனால், பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்குக் கீழே உள்ள விதிகள் வேலை செய்யாது. பிரவுசரும் வாய் திறக்காது. எங்கே பிழை என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். சாஸில் கண்ணும் இயந்திரமும் படிப்பது ஒன்றையே. நான் இதை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

கே: உள்தள்ள ஸ்பேஸா, டேபா?

ப: எதுவானாலும் ஒன்றே ஒன்று. ஒரே ஃபைலில் இரண்டையும் கலந்தால் கம்பைலர் நின்றுவிடும். வேறு இடத்திலிருந்து ஒட்டிய வரிகளில்தான் இது பெரும்பாலும் நேரும். வெற்றிடங்களைக் காட்டும்படி எடிட்டரை அமைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஒரு வரிக் குறிப்புதான் எழுதினேன். கீழே இருந்த விதியும் காணாமல் போய்விட்டதே?

ப: குறிப்புக்கும் உள்தள்ளல் உண்டு. அதற்குக் கீழே தள்ளி எழுதியது எதுவானாலும் குறிப்பின் பகுதிதான். விதியை இடப்பக்கம் இழுங்கள், திரும்பி வரும்.

கே: மெனுவுக்குள் பட்டியல், அதற்குள் உருப்படி, அதற்குள் இணைப்பு என்று ஆறு நிலை தள்ளி எழுதியிருக்கிறேன். படிக்க அழகாக இருக்கிறது. சரிதானே?

ப: கம்பைல் ஆகி வெளியே வந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். ஆறு கிளாஸ் பெயர்கள் கோத்த நீண்ட செலக்டர் ஒன்று கிடக்கும். அதன் கனம் ஆறு கிளாஸ். பிறகு நீங்கள் எழுதும் ஒற்றைக் கிளாஸ் விதி அதனிடம் தோற்கும். உடனே கை 'இம்பார்ட்டண்ட்' போடத் துடிக்கும். ஒன்று போட்டால் அதை வெல்ல இன்னொன்று. எச்டிஎம்எல்லில் நடுவே ஒரு நிலையை எடுத்தாலோ, விதியே பொருந்தாது.

எச்டிஎம்எல்லின் ஏணியை அப்படியே நகலெடுக்காதீர்கள். இணைப்புக்கே தனிக் கிளாஸ் கொடுங்கள். உள்தள்ளலை & குறியோடு ஹோவர் நிலைக்கும், மீடியா குவெரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானின் பெரிய திரை அளவும் சின்னத் திரை அளவும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கும். மீடியா குவெரியை வெளியே எடுத்து வைப்பது கம்பைலரின் வேலை. என் வரம்பு மூன்று நிலை. நான்காவது தேவைப்பட்டால் பெயர் வைப்பதில் கோளாறு என்று எடுத்துக்கொள்வேன்.

கே: இவ்வளவு நல்லதென்றால், எல்லோரும் ஏன் எஸ்சிஎஸ்எஸ் எழுதுகிறார்கள்?

ப: அது அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் உள்ள சாஸின் இன்னொரு நடை. 2010-இல் சாஸ் 3 அதைக் கொண்டுவந்தது. எந்தச் சிஎஸ்எஸ் ஃபைலையும் பெயர் மாற்றினாலே எஸ்சிஎஸ்எஸ் ஆகிவிடும். பழைய குப்பையோடு குடியேறலாம் என்றால் யார்தான் மறுப்பார்கள்? சிஎஸ்எஸ் கட்டமைப்பான பூட்ஸ்ட்ராப் நான்காம் பதிப்பில் அங்கே போனது. உள்தள்ளல் நடையிலேயே எழுதப்பட்டுவந்த புல்மா என்ற கட்டமைப்பும் 2024-இல் போய்விட்டது. எனக்கு வருத்தம்தான். ஆனால் உள்தள்ளல் நடையைச் சாஸ் கைவிடவில்லை. இரண்டுக்கும் கம்பைலர் ஒன்றே.

கே: 2023-இல் பிரவுசர்களுக்கே நெஸ்டிங், அதாவது விதிக்குள் விதி எழுதும் வசதி, வந்துவிட்டது. மாறிகளும் இருக்கின்றன. இனி சாஸ் எதற்கு?

ப: மாறிகள் இரண்டும் ஒன்றல்ல. $ போட்ட சாஸ் மாறி கம்பைல் ஆகும்போதே கரைந்துவிடும். சிஎஸ்எஸ் மாறி பிரவுசரில் உயிரோடு இருக்கும். இருட்டு நிறத்துக்கு மாற்றும் பொத்தான் வேண்டுமென்றால் அதுதான் சரி. திரும்பத் திரும்ப வரும் விதிகளைத் தொகுக்கும் மிக்சின், சுற்று, ஃபைல்களைப் பிரித்துச் சேர்ப்பது ஆகியவற்றுக்குச் சாஸ். பத்து விதி உள்ள சின்னப் பக்கத்துக்குச் சாஸ் தேவையே இல்லை.

கே: ஓடிக்கொண்டிருக்கும் தளம், எல்லாம் எஸ்சிஎஸ்எஸ். எங்கே தொடங்க?

ப: எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். எஸ்சிஎஸ்எஸ் ஃபைலிலிருந்து உள்தள்ளல் ஃபைலை 'யூஸ்' விதியால் அழைக்கலாம். பொத்தானுக்கான ஃபைல் ஒன்றை மட்டும் மாற்றி எழுதி, இரண்டு வாரம் அதோடு புழங்கிப் பாருங்கள்.