மாண்புமிகு நழுவலார்

நழுவலாரைக் கூச்ச சுபாவக்காரர் என்று யாரும் தப்பாக எடைபோட்டுவிடக் கூடாது. காலையில் காதுகுத்து, முற்பகலில் ரேஷன் கடைத் திறப்பு, மாலையில் பொதுக்கூட்டம் என்று நாள் முழுக்க மைக்கும் கையுமாக இருப்பவர் அவர். மேடையேறிவிட்டால், “ஒரே மேடையில் நேருக்கு நேர் விவாதிக்கத் தயாரா? இடத்தையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள்!” என்று எதிர்க்கட்சியை அறைகூவி அழைப்பார். அடுத்த வாரம் அதே சவாலை அடுத்த தெருவிலிருந்து எதிர்க்கட்சி திருப்பியனுப்பும். இப்படி இரு தரப்பும் தயாராகவே இருந்து தமிழ்நாட்டில் பல தேர்தல்கள் கழிந்துவிட்டன. இடமும் நேரமும்தான் இன்னும் குதிரவில்லை. ஆகவே பேச்சுக்கு அவர் பயப்படுவதாகச் சொல்வது அபாண்டம். அவர் பயப்படுவது இரண்டாவது கேள்விக்கு. முதல் கேள்விக்கு எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும். “சரி ஐயா, அப்படியானால் இது ஏன்?” என்று அந்தப் பதிலின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறதே ஒரு கேள்வி, அது வரக்கூடிய இடத்தில் மட்டும் அவரைப் பார்க்க முடியாது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

இரண்டாவது கேள்விக்கென்றே நாம் செலவு செய்து நடத்துகிற இடம் சட்டமன்றம். அங்கே பேசியதற்காக எந்த நீதிமன்றமும் ஓர் உறுப்பினரைக் கூண்டில் ஏற்ற முடியாது என்கிறது அரசியல் சட்டத்தின் 194ஆவது பிரிவு. இந்த நாட்டில் வேறு யாருக்கும் அவ்வளவு எளிதில் கிடைக்காத சலுகை. வராமலே இருந்துவிடாதபடி 190ஆவது பிரிவு ஒரு கிடுக்கிப்பிடியும் போடுகிறது: அனுமதியின்றி 60 நாள் கூட்டங்களுக்கு வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். நழுவலார் அதற்கும் வழி கண்டுவைத்திருக்கிறார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் வந்தவர் ஆயிற்று. வந்தவர் உட்கார வேண்டும் என்றோ, உட்கார்ந்தவர் வாய் திறக்க வேண்டும் என்றோ எந்தப் பிரிவும் சொல்லவில்லை. இந்தக் கலையில் பெரியவர்களே முன்னோடிகள். கருணாநிதி, ஜெயலலிதா இருவரில் ஒருவர் முதலமைச்சராக இருந்தபோது மற்றவர் அவைக்குள் வந்து விவாதித்த நாட்கள் மிகச் சொற்பம். நாடு கேட்டிருக்க வேண்டிய வாதங்கள் எல்லாம் அறிக்கைகளாக நாளிதழ்களுக்குப் போயின. அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன; 1989 மார்ச் 25 அன்று அவையில் ஜெயலலிதா சிக்கிக்கொண்ட கைகலப்பை அவ்வளவு லேசாகக் கடந்துவிட முடியாது, சக்கர நாற்காலிக்கு ஏற்ற இருக்கை கிடைக்கவில்லை என்ற கருணாநிதியின் பிற்கால முறையீட்டையும்தான். ஆனால் பின்னால் வந்தவர்கள் காரணத்தை விட்டுவிட்டு வழக்கத்தை மட்டும் சுவீகரித்துக்கொண்டார்கள். வெளிநடப்பு என்பது ஒரு காலத்தில் கண்டனத்தின் கடைசி ஆயுதம். நழுவலாரின் கைக்கு வந்தபின், அமைச்சர் பதில் சொல்ல எழும் நேரம் பார்த்து வாசலில் காத்திருக்கும் கேமராக்களிடம் போவதற்கான வழியாகிவிட்டது.

இது எதிர்க்கட்சிகளின் நோய் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அவர்களிடம் விதி எண் 110 இருக்கிறது. அதன் கீழ் ஓர் அறிவிப்பை வாசித்தால் அதன்மீது விவாதம் கிடையாது; மேசையைத் தட்டலாம், கேள்வி கேட்க முடியாது. ஜெயலலிதா காலத்தில் பல ஆயிரம் கோடித் திட்டங்கள் இந்த வாசல் வழியாகவே வந்தன. அன்று அதைக் கடுமையாகச் சாடிய திமுக 2021இல் ஆட்சிக்கு வந்தது. அதே விதியின் கீழ் அதே ஏற்ற இறக்கத்தோடு அறிவிப்புகள் தொடர்ந்தன. ஆண்டுக்கு 100 நாள் பேரவை நடத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் சொன்னார்கள்; எந்த ஆண்டும் அதை நெருங்கவில்லை. டெல்லியும் சளைத்ததல்ல. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 2019இல் அமைந்த 17ஆவது மக்களவை ஐந்தாண்டிலும் சேர்த்துக் கூடியதே 274 நாள்தான். ஓராண்டுக்கு மேல் விவசாயிகளைச் சாலையில் உட்காரவைத்த மூன்று வேளாண் சட்டங்களை 2021 நவம்பர் 29 அன்று திரும்பப் பெற்றபோது, விவாதமே இல்லாமல் ஒரே நாளில் இரு அவைகளிலும் வேலை முடிந்துவிட்டது. எதிர்க்கட்சிகள் கேட்டதே கிடைத்த நாளில்கூட அதைப் பற்றிப் பேசக் கிடைக்கவில்லை.

நழுவலாரின் வழக்கறிஞர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985 முதல் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போய்விடும். கைவிலங்கு மாட்டியவனை வாள் வீசச் சொல்வது என்ன நியாயம் என்பார்கள். இதில் பாதி உண்மை. கொறடா கட்டுப்படுத்துவது வாக்கைத்தான். தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏன் மருத்துவர் இல்லை என்று கேள்வி நேரத்தில் கேட்பதற்குக் கொறடாவின் அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. யார் பேசுவது என்று தலைமைதான் பட்டியல் போடுகிறது என்பது மீதிப் பாதி உண்மை. அப்படியானால் பட்டியலில் பெயர் வராததற்காக அவர் தலைமையிடம் ஒருநாளாவது முறையிட்டாரா என்று தொகுதி விசாரிக்கலாமே. இன்னொரு வாதம் கனமானது: நழுவுகிறவர்தான் ஜெயிக்கிறார். 2019 டிசம்பரில் பிரிட்டனில் தேர்தலுக்கு முந்தின நாள், யார்க்‌ஷயரில் ஒரு பால் விநியோக நிறுவனத்துக்குப் போயிருந்த பிரதமர் போரிஸ் ஜான்சன், தொலைக்காட்சிக்காரர் கேள்வியோடு நெருங்கியதும் அங்கிருந்த குளிர்பதன அறைக்குள் போய்விட்டார். நாடே சிரித்தது. மறுநாள் அவர் கட்சிக்கு 365 இடங்கள் கிடைத்தன. நழுவலார் முட்டாள் இல்லை; இந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம்.

இங்கேதான் குற்றப்பத்திரிகையில் வாக்காளரின் பெயரையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. “விவாதமா வயிற்றை நிரப்பும்? எங்கள் எம்.எல்.ஏ. கல்யாணத்துக்கு வருகிறார், சாவுக்கு மாலை போடுகிறார், பட்டாவுக்குத் தாசில்தாரிடம் பேசுகிறார், பேருந்து நிழற்குடை கட்டித் தருகிறார்” என்பது தொகுதியில் கேட்கிற குரல். பொய்யில்லை, அது நன்றியுள்ள குரலும்தான். ஆனால் பட்டா, தாசில்தார் தானாகவே தந்திருக்க வேண்டியது. ஏன் தரவில்லை என்று கேட்பதே அவையில் உறுப்பினரின் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் தாசில்தார் திருந்திவிடலாம். பிறகு இவரைத் தேடி யார் வருவார்கள்? நிழற்குடை வந்ததும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து, அதாவது நம் பணத்திலிருந்து. கூரையைவிடப் பெரிதாக இருப்பது அவர் பெயர். கல்யாண வீட்டில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. மாப்பிள்ளை கையில் மொய்க் கவரைத் திணித்ததும் சாப்பாட்டுப் பந்திக்குத்தான் அழைப்பார்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அங்கே தீர்மானப் புத்தகம் திறந்திருக்கும். அன்றைக்கு என்று பார்த்து அவருக்கு எங்காவது முகூர்த்தம் வந்துவிடுகிறது.

சட்டம் போட்டு ஒருவரைப் பேசவைக்க முடியாது, ஒப்புக்கொள்ளலாம். பேசாததைப் பதிய வைக்க முடியும். வேட்பாளர் தன் சொத்தையும் குற்ற வழக்குகளையும் அறிவிக்க வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது கட்சி பேதமின்றி எல்லாரும் முகம் சுளித்தார்கள். நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தமே கொண்டுவந்து பார்த்தார்கள். 2003இல் அதையும் நீதிமன்றம் தள்ளியது. இன்று படிவம் 26 இல்லாமல் வேட்புமனு இல்லை. மறுபடி நிற்கிற உறுப்பினருக்கு அதிலேயே இன்னும் மூன்று கட்டங்கள் சேர்க்கலாம்: அவையில் உட்கார்ந்த நாட்கள், பேசிய விவாதங்கள், கேட்ட கேள்விகள். எண்ணிக்கையை ஏற்றுவதற்காக நழுவலார் உப்புச்சப்பில்லாத கேள்விகளை மூட்டை மூட்டையாக அனுப்புவார் என்று ஆட்சேபிக்கலாம். அனுப்பத்தான் செய்வார். அனுப்பட்டும்; அந்தக் கேள்விகளை அவர் படத்தோடு அச்சடித்து, அவர் கட்டிய நிழற்குடையிலேயே ஒட்டிவைக்கலாம். பேருந்து வரும்வரை படிப்பதற்கு ஏதாவது வேண்டுமே.