அரும்பாவூரில் இலவசமாகப் பிழைப்பது எப்படி?

அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையை வாங்கிவிட்டு நோயில் விழுவதுதான் முறை. ரேஷன் கார்டு, ஆதாரோடு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. முன்பு 72,000; இப்போது கொஞ்சம் வசதியான ஏழையாக இருக்கலாம்.

பிறகு அட்டைக்குக் கைரேகை பதிய, குடும்பத்தோடு பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறுங்கள். மரச்சிற்ப வேலைக்காரர் என்றால் முதல்நாள் ராத்திரியே விரலில் எண்ணெய் தேய்த்து ஊறவிடுங்கள்; உளி பிடித்துத் தேய்ந்த கையில் ரேகை லேசில் விழாது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் கிடைத்த புவிசார் குறியீடெல்லாம் அந்த ரேகை மெஷினிடம் எடுபடாது.

2012 ஜனவரி 11-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், 2022 ஒப்பந்தப்படி உங்கள் குடும்பத்துக்காக யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கு அரசு கட்டும் பிரீமியம் ஆண்டுக்கு 849 ரூபாய். சிகிச்சை ஐந்து லட்சம் வரை. நிஜமாகவே மலிவு. ஆனால் உங்கள் பஸ் டிக்கெட்டும் ஜெராக்சும் போன கூலியும் அந்தக் கணக்கில் வராது. ஆபீஸ் வேலையில் ஒரு பங்கைச் சம்பளமில்லாமல் நீங்கள் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். நோயையும் திட்டப் பட்டியலில் உள்ளதாகப் பார்த்து வரவழையுங்கள்.

இனி வீடு. உங்கள் ஊர் பேரூராட்சி என்பதை மறக்காதீர்கள். 2024-ல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஊராட்சிக்காரர்களுக்கு, மூன்றரை லட்சம். பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்திலோ ஒன்றிய அரசு ஒன்றரை லட்சம், மாநிலம் 60,000, ஆக 2,10,000 என்றுதான் கணக்கு ஓடியது. எல்லையோரம் மனை இருந்தால் வாசலை எந்தப் பக்கம் வைப்பதென்று ஜோசியரைக் கேட்பதோடு நிற்காமல் வரைபடத்தையும் பாருங்கள்.

பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாகப் போட்டோ எடுத்த பிறகே தவணை வரும். கட்டியதற்குத்தான் பணம், கட்டுவதற்கு இல்லை. ஆகவே கடைக்கால் தோண்டுமுன் வட்டிக்காரரைப் பாருங்கள். மூன்று வட்டி கேட்பார். சான்று கேட்க மாட்டார், ரேகை கேட்க மாட்டார், அன்றைக்கே எண்ணிக் கையில் தருவார். நிர்வாகச் சிக்கனத்தை அவரிடம்தான் பாடம் படிக்க வேண்டும். வட்டி மட்டும் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் இருக்காது.

வீடு கட்டும் மனையின் பட்டா இன்னும் தாத்தா பேரிலா இருக்கிறது? அப்படியானால் செங்கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வேப்பந்தட்டை தாலுகா ஆபீசில் பெயர் மாற்றத்துக்கு எழுதிக்கொடுங்கள். தாத்தாவின் இறப்புச் சான்றை மூன்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.